பொன்முடி தெரியும் வரை

மீரான் தண்டேல் எங்கள் கடைக்குள் ஏறி வருகிறவர் அல்ல. சாலைத் தெருவில் வண்டி வந்து நின்றதும் வெளியிலிருந்தே ஒரு குரல் கொடுப்பார். கருப்பட்டிச் சிப்பங்கள் இறங்கி முடியும்வரை வண்டி நிழலில் நின்று பீடி பிடிப்பார். போன மாதம் ஒரு காலையில் வண்டியும் இல்லை, குரலும் இல்லை. தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்து என் எதிரில் நின்றார்.

“ஆறுமுகம், நம்ம சாமி போயாச்சுடே.”

“எந்தச் சாமி?”

“நமக்கு எத்தன சாமி உண்டு?”

விஷஜுரம் என்று தெரியும். இறங்கிக்கொண்டு வருகிறது என்றுதான் முந்தின வாரம் சாமியின் மனைவி கோமதி மாமி சொல்லியிருந்தார். ஆடிக்கொண்டிருந்த தராசுத் தட்டை என் முதலாளி நல்லபெருமாள் பிள்ளை கையால் பிடித்து நிறுத்தினார். “பலகைய எடுத்து வைலே” என்றார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் குடியிருந்த ஓர் ஆபீஸ் குமாஸ்தாவுக்காக, சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடை நடுக்காலையில் அடைக்கப்பட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் காரணம் கேட்டார்கள். அன்று பலகையை மாட்டிவிட்டு நான் ஸ்ரீவராகத்துக்கு ஓடினேன். நம் கையெழுத்துப் பத்திரிகையின் வாசகர்களான உங்களுக்காகவும், பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்காகவும் இப்போது சொல்கிறேன்.

அந்தக் குமாஸ்தா மகாதேவ ஐயரைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் அவருடைய ரசிகன் என்பது. பாட்டுக்காரருக்கு ரசிகன் இருக்கலாம், நாடகக்காரருக்கு இருக்கலாம். மராமத்து ஆபீசில் ரோடும் ஓடையும் கலுங்கும் மெல்லிய தாளில் பார்த்து வரைந்து டிரேஸ் எடுக்கிறவருக்கு ஒரு ரசிகனா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். கேட்கட்டும்! அவர் மாஜிக் லாந்தர் விளக்கைப் பொருத்தி, வெள்ளை வேட்டித் திரையில் ஒரு கடல் வரைபடத்தை விழவைத்து, “இது வெறும் தண்ணீர்னு நெனைக்கறேளா?” என்று ஆரம்பிக்கும்போது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

நான் முதலில் அவரைக் கேட்டது எங்கள் வாசகசாலையில். தலைப்பு, பாய்க்கப்பல் மாலுமிகள் கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் அந்த வாசகசாலையில் இருந்த அட்லாசையும் கப்பல் புத்தகங்களையும் அட்டை கழன்று வரும்வரை படித்தவன். எல்லாம் எனக்கும் தெரியும் என்ற மிதப்பில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஐயர் ஈயக்குண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நீளக் கயிற்றில் கட்டிய குண்டு. அதன் அடியில் ஒரு குழி. “அந்தக் குழியில் ஒரு வித மெழுகை அப்பி இறக்குவார்கள். தரை தொட்டதும் அங்கே இருப்பது மணலோ, சேறோ, பவளத்தூளோ, அது மெழுகில் ஒட்டிக்கொண்டு மேலே வரும்” என்றார்.

“சார், அது மெழுகு இல்ல! மாட்டுக் கொழுப்பு!” என்று நான் கத்திவிட்டேன்.

முன்வரிசை முழுவதும் ஸ்ரீவராகத்து வைதிகர்கள். அத்தனை குடுமிகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. ஐயர் விளக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “அவர் சொல்றது செரியாக்கும். நான் முன்வரிசையப் பாத்துட்டு மெழுகுன்னு சொல்லிட்டேன்” என்றார். கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதுதான் மூத்தவர், மெலிந்த உடம்பு, விரலில் எப்போதும் மை. “எங்க படிச்சே இதெல்லாம்?” என்றார். இங்கேதான் என்றேன். “நானும் இங்கதான். பின்னே எங்க போறது?” என்று சொல்லிவிட்டு, “அடுத்த தடவை கத்தறதுன்னா பக்கத்துல வந்து கத்து. எனக்கும் எதானும் விட்டுப்போச்சுன்னா உடனே கேக்கலாம்” என்றார். கேலியா என்று பார்த்தேன். இல்லை. அன்றிலிருந்து எந்தப் பேச்சானாலும் லாந்தருக்குப் பக்கத்தில்தான் என் இடம்.

சாலைக்காரர்கள் அவரைக் கடல்சாமி என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நையாண்டி. ஏனென்றால் கடல்சாமி ஒரு வள்ளத்தில்கூடக் கால் வைத்ததில்லை. அவருடைய குடும்பத்துக்குக் கோயிலில் வேதம் ஓதும் பாராயண முறை உண்டு. அப்பா காலத்திலிருந்து வருவது. சமுத்திரம் தாண்டியவனுக்கு அந்த முறை கிடையாது என்பது தெருக்கட்டு. ஊரெல்லாம் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் போய் வந்துகொண்டிருந்த காலத்திலும் அந்தத் தெருவில் அது தளரவில்லை. ஐயருக்கும் அதைத் தளர்த்தச் சொல்லும் எண்ணமில்லை. பாராயணத்தை அவர் அவ்வளவு விரும்பினார். தம் முறை வரும் நாள்களில் விடியற்காலை ஈரவேட்டியோடு போகிற அவரையும், சாயங்காலம் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வருகிற அவரையும் பார்த்தால் இரண்டு பேர் என்று தோன்றாது. இரண்டு வேளையும் அதே அவசரம், அதே சந்தோஷம்.

அவருக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. பேச்சுக்குப் பேச்சு அதற்கு வந்து சேர்ந்துவிடுவார், கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். நம் கரைக்கு அப்பால், ஆழத்திலிருந்து வளர்ந்து வந்து, நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டாமல் சற்று அடியிலேயே நின்றுவிட்ட பவளத்திட்டு ஒன்று உண்டு என்று, மிளகு ஏற்ற வந்த பழைய பாய்க்கப்பல் ஒன்றின் மாலுமி வரைபடத்தில் ஒரு புள்ளிவட்டம் போட்டிருந்தார். கப்பலுக்கடியில் தண்ணீர் திடீரென்று வெளுத்திருக்கிறது. குண்டை இறக்கியதும் பவளம் வந்திருக்கிறது. பல வருஷம் கழித்து இன்னொரு கப்பலும் அதையே பார்த்தது. ஆனால் அது இன்னும் மேற்கே குறித்தது. ஆக வரைபடத்தில் இரண்டு வட்டங்கள். பிற்பாடு அளவெடுக்கும் கப்பல் ஒன்று வந்து இரண்டு இடத்திலும் தேடியது. எங்கும் நல்ல ஆழம். இரண்டு வட்டங்களையும் அழித்துவிட்டார்கள். புதிய வரைபடத்தில் அங்கே ஒன்றுமில்லை.

ஐயர் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தக் காலத்து மாலுமிக்குத் தெற்கு வடக்கை உச்சிச் சூரியன் சரியாகச் சொல்லிவிடும். கிழக்கு மேற்கைச் சொல்லக் கடிகாரம் வேண்டும். மாதக்கணக்கில் கடலில் ஆடிய கடிகாரத்தை நம்பித்தான் அவர்கள் குறித்தார்கள். இரண்டு வட்டங்களும் தெற்கு வடக்குக் கணக்கில் ஒரே அளவில் இருப்பதைக் காட்டுவார். “ரெண்டு பேரும் பாதி சரியாச் சொன்னா. தப்பான பாதிக்காகச் சரியான பாதியையும் சேத்து அழிச்சுட்டாளே!” என்பார். சொந்த வீட்டு மதிலை யாரோ இடித்துவிட்ட மாதிரி கோபம் வரும். “அந்த மனுஷன் இந்தப் பக்கம் திரும்பி வரப்போறதில்லை. பின்னாடி வர எவனோ ஒருத்தன் கப்பலுக்காக எழுதி வச்சுட்டுப் போனான். அதை வெறுதே அழிக்கலாமோ?”

இந்த வழக்கு வெறும் பேச்சாகவே இருந்திருக்கும், மீரான் தண்டேலின் தோணி உடையாமல் இருந்திருந்தால்.

மீரான் குளச்சல்காரர். தூத்துக்குடியிலிருந்து எங்கள் கடைக்குக் கருப்பட்டி கொண்டுவரும் தோணியை ஓட்டிவரும் தண்டேல் அவர்தான். யுத்தத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதம், விழிஞ்ஞத்துக்குத் தெற்கே நல்ல வெயிலில், அலை கூடப் பெரிதாக இல்லாத கடலில், தோணியின் அடி எதிலோ இடித்துக் கிழிந்தது. சரக்கோடு அது கரைக்கு அருகில் முழுகிப்போயிற்று. ஆள்கள் நீந்திப் பிழைத்தார்கள். மீரான் நடந்தே சாலைக்கு வந்து, பாறையில் இடித்துவிட்டது என்றார். துறைமுகத்தில் வரைபடத்தைப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் பாறையே இல்லை என்றார்கள்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் வாய்க்குக் கதவு கிடையாது. கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, “கருப்பட்டி கடல்ல கரைஞ்சுபோச்சாம்வே! சாட்சி சொல்ல மீனுதான் வரணும்! எந்தக் கரையில இறக்கி வித்தான்னு படச்சவனுக்குத்தான் தெரியும்!” என்றார். ஒரே நாளில் அது சாலை முழுவதும் பரவியது. பிறகு எந்தக் கடைக்காரரும் மீரானை நம்பிச் சரக்கு ஏற்றவில்லை. தண்டேலுக்குப் பெயர்தான் தோணி. அது உடைந்தால் வேறு கட்ட முடியாது. மீரான் தினமும் வந்து எங்கள் கடைக்கு எதிரில் நிற்பார்.

விஷயத்தை நான்தான் ஐயரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆபீசிலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் சாலைக்கு வந்தார்.

“மீரான், இடிச்சப்போ கரைல என்ன தெரிஞ்சுது?”

“வெள்ளை மாதா கோயிலு தெரிஞ்சுது சாமி. கோயில் கோபுரத்துக்கு நேர் மேல பொன்முடி மல உச்சி. ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நின்னுது. அதுக்குப் பொறவு எனக்க கண்ணு தோணிக்க அடியிலதான்.”

ஐயர் ஒரு சாக்குத் துணியில் கரியால் கரையை வரைந்தார். கோபுரத்தையும் பொன்முடியையும் சேர்த்துக் கடலுக்குள் ஒரு கோடு இழுத்தார். “நீர் சொல்றது ஒரு கோடுதான். இந்தக் கோட்டுல எங்க வேணும்னாலும் இருக்கலாம்.” பிறகு பழைய மாலுமிகளின் தெற்கு வடக்குக் கணக்கை எடுத்து, அதற்கு நேரான கறுத்த பாறைமுனை ஒன்றைக் கரையில் குறித்து, அங்கிருந்து நேர் மேற்கே இன்னொரு கோடு. “இது அவா சொன்னது. இதுவும் ஒரு கோடுதான்.” இரண்டும் ஓரிடத்தில் வெட்டின. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். எத்தனை மைல் நடந்தாலும் சந்திக்க முடியாத இரண்டு பேர், செத்துப்போன ஒரு வெள்ளைக்கார மாலுமியும் எதிரில் நிற்கும் குளச்சல்காரரும், எங்கள் கடைச் சாக்கில் சந்தித்துக்கொண்டார்கள்.

“போய்ப் பாக்கணும்” என்றார் ஐயர். சொன்ன பிறகுதான் தாம் யார் என்பது அவருக்கு நினைவு வந்தது போலிருந்தது.

ஸ்ரீவராகத்துத் தெருவுக்கு அப்போது பெரியவர் சுப்பா சாஸ்திரிகள். ஐயர் அவரிடமே நேராகப் போனார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன்.

“தாண்டப் போறதில்லை அண்ணா. பொன்முடி கண்ணுல இருக்கற வரைக்கும் நான் கரைலதான் இருக்கேன்னு அர்த்தம். அது தெரியற எல்லைக்குள்ளதான் எனக்கு வேலை.”

சாஸ்திரிகள் விசிறியைக் கீழே வைத்தார். “பொன்முடி மறைஞ்சா?”

“மறைஞ்சா நானே வந்து சொல்றேன்.”

“செரி. போயிட்டு வாரும்.”

ஈயக்குண்டை இரும்புக்கடையில் வார்த்து வாங்கினோம். கயிற்றில் பாகத்துக்குப் பாகம், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு ஒன்றாக, துணிக்கிழி கட்டினோம். பாக்கி இருந்தது குழிக்குள் அப்பும் கொழுப்பு. எங்கள் முதல் சந்திப்பே அதைப் பற்றியதுதானே! ஐயர் என்னைப் பார்த்தார். நான் எதுவும் கத்தவில்லை. மறுநாள் வாழையிலையில் பொதிந்து, அன்று கடைந்த வெண்ணெய் கொண்டுவந்தார். “அதுவும் கொழுப்புதானே” என்றார்.

விழிஞ்ஞத்திலிருந்து ஒரு வள்ளத்தில் போனோம். துடுப்புக்கு இரண்டு பேர், மீரான், ஐயர், நான். கடல்சாமி வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்கு நைவேத்தியம் செய்தார். அப்படியும் ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறுகையில் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு, பொன்முடியையும் பாறைமுனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். முந்தின நாள் கோடைமழை பெய்து கடல் கலங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. குண்டை இறக்கினோம். ஒரு முறை கயிறு சட்டென்று தளர்ந்தது. “தொட்டாச்சு சாமி!” என்றார் மீரான். அடுத்த முறை அதே கயிறு முழுவதும் ஓடிற்று. அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இழுத்துப் பார்த்தால் குண்டு பளபளவென்று கழுவிவிட்ட மாதிரி வந்தது. வெண்ணெய் வெதுவெதுப்பான கடலில் கரைந்துபோயிருந்தது. திரும்ப அப்பினோம், திரும்பக் கரைந்தது. கடைசியில் வெண்ணெய் தீர்ந்தது.

சாலையில் கூட்டம் காத்திருந்தது. கடல்சாமி கடலுக்குப் போன செய்தி அவ்வளவு பெரிய செய்தி. முதலாளி முன்னால் நின்றார். “என்ன சாமி, பாறை உண்டா?”

“நிச்சயமில்லை” என்றார் ஐயர்.

“சாமி, எனக்க கை தொட்டுதே!” என்றார் மீரான்.

“உம்ம கையை நான் நம்பறேன். ஆனா குண்டு வெறுமனேதான் வந்தது மீரான். கயிறு அலைல வளைஞ்சிருக்கலாம். நிச்சயம்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

முதலாளி கையைத் தட்டிக்கொண்டார். மீரான் தமக்கு வைத்திருந்த சாயாவைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஐயரின் பின்னால் ஸ்ரீவராகம் வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். “இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மனுசனுக்க மானம் பொழைச்சிருக்கும்!”

அவர் நின்றார். “எனக்குத் தெரியலை ஆறுமுகம். எனக்கு ஆசையாக்கும் இருக்கு. ஆசையைக் கொண்டுபோய் சார்ட்ல போட முடியுமோ?” மீதித் தூரம் அவர் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் கோமதி மாமி கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு சக்கையை வெட்டிப் பிளந்து போட்டிருந்தார். பலாப்பழத்தை இங்கே சக்கை என்றுதான் சொல்வோம். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் கத்தியை நிறுத்தவில்லை.

“கிருஷ்ணன்தான் வெண்ணெய் திருடுவன்னு கேட்டிருக்கேன். சமுத்திரராஜனுமா?” என்றார். “ஏன்னா, உருகற சாமானையா கொண்டுபோவா? ஆத்துல ஒரு வார்த்தை கேட்டாக் கொறைஞ்சா போயிடுவேள்?”

“பின்னே எதைக் கொண்டுபோறதாம்?”

மாமி சக்கையிலிருந்து வழிந்த பாலை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து வைத்திருந்தார். வெளுத்த, தடித்த பிசின். குச்சியை அப்படியே ஐயரிடம் நீட்டினார். “இந்த சனியன் எண்ணெய் தடவின கையையே விட மாட்டேங்கறது. உங்க குண்டை மட்டும் விட்டுடுமா? தண்ணில போட்டா இன்னும் இறுகும், கேட்டேளா.”

ஐயர் குச்சியை வாங்கினார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது. அப்படியே மாமியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

மீரானைத் தேடிப்பிடித்துச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. “ஒரு தடவ போய் நாணங்கெட்டது போரும் சாமி” என்றார். ஐயர் அவருடைய வாசலில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மீரான் வந்தார்.

அந்தக் கடலை நான் எப்படிச் சொல்வேன்! மழை இல்லாத வாரம். தண்ணீர் கண்ணாடி. கோபுரத்தின் மேல் பொன்முடி உச்சி வந்து நின்றது, பாறைமுனை நேர் கிழக்கே வந்தது, ஐயர் கையை உயர்த்தினார், துடுப்புகள் நின்றன. நீலமாக இருந்த தண்ணீர் எங்களுக்கடியில் வெளுத்திருந்தது. மீரான் குண்டை விட்டார். கயிறு இரண்டு பாகம்கூட ஓடவில்லை. ணங்கென்ற அதிர்வு கயிறு வழியாக என் கைக்கும் வந்தது. இழுத்தார். சக்கைப் பிசினில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பவளத்துணுக்குகள் பதிந்திருந்தன. மீரான் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். ஐயர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவர் வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோய், கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்தவை, மூளை மாதிரிச் சுருண்டவை, பழுப்பு, ஊதா, வாழைக்குருத்துப் பச்சை. நடுவில் மஞ்சள் மீன்கள். வாழ்நாள் முழுதும் புள்ளிவட்டமாகவே பார்த்த ஒன்று, முகத்துக்கு நேரே உயிரோடு அசைந்துகொண்டிருந்தது.

மத்தியானமாயிற்று. மலைப்பக்கம் மேகம் திரண்டது.

“சாமி, பொன்முடி மறையப் போவுது. திரும்பலாமா?” என்றார் மீரான்.

ஐயர் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் நேரம்” என்றார். மறுபடியும் குப்புறப் படுத்தார். மழை இறங்கி மலை, கோபுரம், கரை எல்லாவற்றையும் மூடியது. சுற்றிலும் கடல்தான். அவர் நிமிரவே இல்லை.

சாலையில் அந்தக் குண்டைக் கொண்டுபோய் வைத்தபோது முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். துணுக்குகளை நகத்தால் நெண்டினார். பிசின் விரலைப் பிடித்துக்கொண்டது. உதறினார், துடைத்தார், துணியும் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவே சிரித்தது. “எளவு, விடமாட்டேங்குதே! தேங்காண்ணெ கொண்டாங்கலே!” என்று கத்திக்கொண்டே மீரானைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “மீரான், என் வாயி பொல்லாத வாயி. அடுத்த லோடு உம்ம கையிலதான் வருது. இதயும் எல்லாரும் கேட்டுக்கிடுங்க” என்றார், பழைய அதே உரத்த குரலில்.

எங்கள் சந்தோஷத்தில் வேறொன்று நடந்ததை நான் கவனிக்கவில்லை. பிறகு மாமி சொல்லித்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே ஐயர் குளித்துவிட்டுச் சாஸ்திரிகளிடம் போயிருக்கிறார். பொன்முடி மறைந்தது, மறையும் என்று தெரிந்தும் இருந்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

“அந்த மனுஷருக்கே வருத்தம்” என்றார் மாமி. “‘யாரும் கேக்கலையே ஓய், நீரா வந்து ஏன் சொல்றீர்’ன்னு கேட்டாராம். இவர் சொன்னாராம், ‘நிச்சயமில்லைன்னு சொல்லி மீரானைப் பட்டினியா எழுப்பி அனுப்பினேன். அவனுக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவா’ன்னு. முறை போச்சு. இனிமே அது இவர் தம்பிக்காக்கும்.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா மாமி?”

“சொல்லாம விடுவேனா? மேகம் மூடினா மலை எங்கயாவது எழுந்து போயிடுமா? அங்கதானே இருந்தது? கண்ணுக்குத் தெரியாத பாறை உண்டுன்னு ஊரெல்லாம் லாந்தர் போட்டுக் காட்டினேளே, உங்க பாறைக்கு ஒரு நியாயம், பொன்முடிக்கு ஒரு நியாயமான்னு கேட்டேன். ஈரத்துண்டை உதறிக் கொடில போட்டார். அப்பறம் ‘கோமதி, இதை நீ சாஸ்திரிகள்ட்ட சொல்லியிருக்கணும்’ங்கறார். நான் சொல்லியிருந்தா முறை நின்னிருக்கும். இவர் எங்கிட்ட சொல்லிட்டா போனார்?”

பிறகு தம்முடைய பழைய முறை நாள்களில் ஐயர் விடியற்காலை குளக்கரையில் நின்று, உள்ளிருந்து வரும் பாராயணத்தைக் கேட்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். “இல்லாமலா?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “தம்பி ஒரு இடத்துல விடாம தப்புப் பண்றான். அதைச் சொன்னா கோவிச்சுப்பன்” என்றார்.

திட்டின் இடத்தைக் குறித்து அவர் சுத்தமாக வரைந்து மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்குள் யுத்தம் வந்து, கடல் வரைபடத்தைப் பற்றி வாய் திறப்பதே குற்றமாயிற்று. வட்டம் திரும்ப ஏறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தூத்துக்குடித் தோணிக்காரர்கள் அந்த இடத்துக்கு வரும்போது சற்று மேற்கே ஒதுங்கிப் போகிறார்கள். தண்ணீருக்கடியில் இருக்கும் பாறையை அவர்கள் பாறு என்பார்கள். அதற்கு இப்போது அவர்கள் வைத்திருக்கும் பெயர் சாமிப்பாறு. மீரான் ஆரம்பித்து வைத்தது. ஐயர் காதுக்கு அது எட்டியபோது, “பேரெல்லாம் எதுக்கு? எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு தெரிஞ்சா போராதோ?” என்று கூச்சப்பட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு மாமியைப் பார்க்கப் போயிருந்தேன். கூட வந்த மீரான் வாசலிலேயே நின்றார். மாமிதான் உள்ளே வரச் சொன்னார். டிரேஸ் தாள்களை ஆபீசுக்குத் திருப்பிவிட்டார்களாம். லாந்தரை வாசகசாலைக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு மாடத்திலிருந்து அந்த ஈயக்குண்டை எடுத்து என் கையில் வைத்தார். குழியில் பிசின் கறுத்து இறுகியிருந்தது. துணுக்குகள் அப்படியே இருந்தன.

“எடுத்துண்டு போ. கழுவித் தொலைச்சுடாதே” என்றார்.

அது இப்போது எங்கள் கடையில், தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு இன்னும் எதைப் படித்தாலும் உடனே நாலு பேரிடம் கத்திச் சொல்லவேண்டும். அந்தக் குணம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் கத்துவதற்கு முன்னால் இப்போதெல்லாம் குண்டைத் திருப்பி அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இந்த மாசி வெயிலில் கடை தகிக்கும் நேரங்களில் பிசின் இளகி, தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிறது. நான் தேங்காயெண்ணெய் தேடுவதில்லை.